கொரோனா காலத்துப் பள்ளித் திறப்பும் குமரி மாவட்டப் பெற்றோரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்தில் "பள்ளியைத் திறக்கலாமா?" என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்ட கூட்டங்களில் நானும் இருந்தேன், இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவும். குழுவுக்குப் புதிதாக வரும் பெற்றோர் அந்தக் காலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அன்றைக்கு யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தப் பதில் மட்டும் கொஞ்சம் நீளும்.

பள்ளிகள் மொத்தம் எவ்வளவு காலம் மூடியிருந்தன?

வகுப்புக்கு வகுப்பு வேறுபடும். 2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளி, பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் 2021 ஜனவரி 19 அன்று திறந்தது. ஒன்பதுக்கும் பிளஸ் ஒன்னுக்கும் பிப்ரவரி 8. இரண்டாம் அலை தலைதூக்கியதும் மார்ச் 22 முதல் 9, 10, 11 வகுப்புகள் மறுபடி நின்றன. பிளஸ் டூ மட்டும் ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடியும் வரை ஓடியது. அதன்பிறகு 2021 செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு வரை. 2022 ஜனவரியில் ஒமைக்ரானுக்காக இன்னொரு மூடல். பிப்ரவரி 1-இல் எல்லா வகுப்பும் திறந்தன. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பிப்ரவரி 16 ஆயிற்று.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பில், அதுவும் நவம்பர் மாதத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றப் பதில்களைப் படியுங்கள்.

பெற்றோரின் கருத்தை அரசு எப்படிக் கேட்டது?

இரண்டு சுற்று. 2020 நவம்பர் 16 முதல் 9-12 வகுப்புகளைத் திறக்கலாம் என்று முதலில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பர் 9 அன்று பள்ளிதோறும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கருத்து இரண்டாகப் பிரிந்து நின்றதால் 12-ஆம் தேதி திறப்பைக் கைவிட்டார்கள். அடுத்த சுற்று 2021 ஜனவரி 6 முதல் 8 வரை. இந்தத் தடவை பெரும்பாலான பெற்றோர் திறக்கச் சொன்னார்கள். 12-ஆம் தேதி அறிவிப்பு, 19-ஆம் தேதி திறப்பு.

எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, திறக்கலாம் அல்லது வேண்டாம், கீழே கையெழுத்து. ஏன் என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. கூடத்தில் எழுந்து பேசியவர்களின் காரணங்கள் மட்டும் மற்றவர் காதில் விழுந்தன. பேசாமல் டிக் போட்டுவிட்டுப் போனவர்களின் காரணம் அவர்களோடே வீட்டுக்குப் போய்விட்டது.

2020 நவம்பரில் அவ்வளவு பேர் ஏன் வேண்டாம் என்றார்கள்?

அப்போது தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் தொற்று. நவம்பர் 14 தீபாவளி. கடைத்தெருவில் கூட்டம் நெரிந்து இரண்டே நாளில் பள்ளி திறப்பதா என்று பலர் கேட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வேறு. மழைக் காலத்தில் இங்கே காய்ச்சலும் சளியும் இல்லாத வீடு இருக்காது. எந்தக் காய்ச்சல் எது என்று யார் பிரித்துச் சொல்வது?

இவை வெளியே சொன்ன காரணங்கள். பேசிக்கொண்டே போனால் கடைசியில் வீட்டிலிருக்கும் வயதானவர்களிடம்தான் பேச்சு வந்து நிற்கும். குமரியில் ஒரே கூரையின் கீழ் பாட்டி, தாத்தா, பிள்ளைகள் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். "வீட்டுல எங்க அம்மை படுத்த படுக்கையா கெடக்கா. இவன் ஸ்கூல்ல இருந்து கொண்டு வந்தாமுன்னா நான் யாருட்டப் போய்ச் சொல்ல?" என்று ஒருவர் கேட்டபோது கூடமே அடங்கிப் போயிற்று. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவரும் நம்பினார். பிள்ளை மூலமாக அம்மாவுக்கு வந்துவிடுமே என்பதுதான் அவருடைய பயம். அன்று தடுப்பூசியும் கிடையாது. அந்தப் பயத்தை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

"வந்துட்டுன்னா ஆசாரிப்பள்ளத்துல இடம் கிடைக்குமா?" என்பது இன்னொரு கேள்வி. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான். தனிமைப்படுத்தினால் அந்தப் பதினான்கு நாள் கூலிக்கு யார் போவது, வீட்டுக்கு வெளியே ஒட்டும் நோட்டீஸைப் பார்த்து ஊர் என்ன பேசும் என்பதெல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன.

இரண்டே மாதத்தில் மனம் எப்படி மாறியது?

ஜனவரிக்குள் தினசரித் தொற்று ஆயிரத்துக்குக் கீழே வந்திருந்தது. 16-ஆம் தேதி சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கப்போகிறது என்ற செய்தியும் தெம்பு தந்தது. திறக்கப்போவது பத்தும் பன்னிரண்டும் மட்டும், அதாவது பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள். ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் கூடாது, வருகை கட்டாயமில்லை, சத்து மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள், சீருடையோடு வந்தால் பேருந்தில் டிக்கெட் வேண்டாம் என்று விதிகள் தெளிவாக எழுத்தில் வந்தன. நவம்பரில் "பாத்துக்கிடலாம்" என்று வாயால் கேட்டது ஜனவரியில் தாளில் இருந்தது. என் கணக்கில் மனம் மாறியதற்குப் பாதிக் காரணம் அந்தத் தாள்.

மீதிப் பாதி, பெற்றோரின் களைப்பு. பிளஸ் டூ படிக்கும் பையன் காலை பதினொரு மணிக்கு எழுந்து போனோடு உட்கார்ந்தால், அவன் படிக்கிறானா விளையாடுகிறானா என்று எத்தனை மாதம் வாசலில் நின்று பார்ப்பது? நீட் பயம் வேறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. முதல்முறையாக ஒரு கதவு திறந்திருக்கிற நேரத்தில் பள்ளிக் கதவு மூடியிருக்கிறதே என்ற தவிப்பு அரசுப் பள்ளிப் பெற்றோரிடம் தெரிந்தது.

கடற்கரை ஊர்களில் என்ன சொன்னார்கள்?

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக் கணக்கில் திரும்ப மாட்டார்கள். வீட்டை நடத்துவது தாய். வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருந்தால் அதுவும் படகோடு போய்விடும். "போனு கடலுக்குப் போயாச்சி. பிள்ள என்னத்தப் பாத்துப் படிக்கும்?" என்று ஒரு தாய் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

ஆனால் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் ஊர்கள் அவை. ஒரு வீட்டில் வந்தால் தெரு முழுவதும் வரும் என்ற பயம் மற்ற இடத்தைவிட அதிகம். ஆகவே வேண்டாம் என்ற குரலும் அங்கேதான் பலமாகக் கேட்டது. 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கி புயலில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் சிலர் அப்போது மேல் வகுப்புகளில் இருந்தார்கள். பள்ளி இல்லை என்றால் மூத்தவன் கடலுக்கோ மீன் ஏலத்துக்கோ போய்விடுவான், ஒருமுறை கையில் காசு பார்த்தவன் திரும்பப் புத்தகத்தைத் தொட மாட்டான் என்று அந்தத் தாய்மார் அறிந்திருந்தார்கள். அனுப்பவும் பயம், அனுப்பாமல் இருக்கவும் பயம். அவர்கள் போட்ட ஒரு டிக்கில் இதில் எதுவும் தெரியாது.

மலைப்பகுதியில்?

பேச்சிப்பாறை, கோதையாறு, குற்றியாறு, மோதிரமலை பக்கம் நான் பேசிய காணிப் பழங்குடியினர் வீடுகளிலும் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிக்னல் பிடிக்கப் பாறை மேல் ஏற வேண்டிய இடத்தில் ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. அவர்களின் கேள்வி ஒன்றுதான்: பஸ் வருமா? குலசேகரத்திலிருந்து மேலே போகும் ஓரிரு பேருந்தை நம்பித்தான் அங்கே பள்ளிக்கூடம். அணை நீரைப் படகில் கடந்து வரும் குடியிருப்புகளும் உண்டு. பள்ளியைத் திறந்து பஸ்ஸை விடாவிட்டால் திறந்ததற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்வதற்கும் அதே பஸ்தானே வேண்டும்? அதனால் அவர்களில் பலரால் வர முடியவில்லை.

கேரள எல்லையோரப் பெற்றோரின் கருத்து வேறுபட்டதா?

ஆம், நன்றாகவே. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2020 மே கடைசி வாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் மிச்சத்தை நடத்தி முடித்தார்கள். இங்கே ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லாருக்கும் தேர்ச்சி. 2021-இல் அங்கே ஜனவரி 1-இலேயே பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தது. திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் அப்பாமார் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, "அங்க பிள்ளைய பரீட்சை எழுதுதுவோ, நம்ம பிள்ளைய மட்டும் ஏன் வீட்டுல இருக்கு?" என்று கேட்டார்கள். அதே அப்பாமார்தான் எல்லையில் இ-பாஸுக்கு நின்று தவித்தவர்கள். அங்கே தொற்று ஏறிய நாட்களில் முதலில் பயந்தவர்களும் அவர்களே.

தனியார் பள்ளிப் பெற்றோர் கட்டணத்துக்காகத்தான் திறப்பை எதிர்த்தார்கள் என்கிறார்களே?

சிலர் விஷயத்தில் உண்மை. திறந்தால் முழுக் கட்டணமும் வேன் கட்டணமும் கேட்பார்களே என்ற கவலை நியாயமானது. வருமானமே இல்லாத வருடம் அது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் 75 சதவீதக் கட்டணம்தான் வாங்கலாம், அதிலும் முதலில் 40 சதவீதம் என்றது. 2021 ஜூலையில் வருமானம் குறையாதவர்கள் 85, குறைந்தவர்கள் 75, அதுவும் தவணையில் என்றது. கட்டணத் தகராறால் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்தவர்கள் நிறைய.

சம்மதக் கடிதம் வாங்கியது சரியா?

பெற்றோரின் விருப்பமில்லாமல் பிள்ளையை வரச் சொல்லக் கூடாது என்ற அளவில் சரி. ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது, ஏதாவது ஆனால் பொறுப்பு தனக்குத்தான் என்று எழுதிக் கொடுப்பதாகவே பல பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். வாசித்துப் பார்க்கத் தெரியாத பாட்டிமார் கைநாட்டு வைக்கத் தயங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடிதம் வாங்குகிறவர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். பள்ளியின் பொறுப்பு என்ன என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டார்களா?

இல்லை. முதல் சுற்றில் ஒன்பது முதல் பன்னிரண்டு. இரண்டாம் சுற்றின் பேச்சு முழுவதும் பொதுத்தேர்வு வகுப்புகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு "உனக்கு என்ன வேண்டும்?" என்று அந்த இரண்டு சுற்றிலும் யாரும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை மாஸ்க் போடாது, தள்ளி உட்காராது, ஆகவே கடைசியில் பார்ப்போம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம். எல்லாரும் என்றால் பெரிய பிள்ளைகளின் பெற்றோர், அதிகாரிகள், டிவியில் பேசியவர்கள்.

பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி இல்லாவிட்டால் புத்தகம் இருக்கிறது, வாசிக்கத் தெரியும், சந்தேகத்துக்குக் கூட்டாளியைக் கூப்பிடத் தெரியும். ஆறு வயதுக்கு அது எதுவும் கிடையாது. அ, ஆவன்னாவைக் கை பிடித்து எழுத வைக்க ஓர் ஆள் வேண்டும். முந்திரி ஆலைக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் தாயும், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகும் தகப்பனும் அந்த ஆளாக இருக்க முடியாது. இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதைச் சொல்லிச் சொல்லியே இங்கே எந்த வீட்டிலும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம். எழுத்துத் தெரிந்தவர் வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையோடு தினமும் உட்கார அவருக்கு நேரம் இருப்பது வேறு.

சின்னவர்களைக் கடைசியில் வையுங்கள் என்று அறிவியலும் சொல்லவில்லை. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும் 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) இருந்தன. பள்ளி மூடியே இருந்தும் தொற்று வீட்டுக்குள் வந்துபோயிருந்தது. அந்தக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா, கிருமி பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2 என்ற ஏற்பி சின்னப் பிள்ளைகளிடம் குறைவு, ஆசிரியரும் ஊழியரும் தடுப்பூசி போட்டுவிட்டால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே புத்திசாலித்தனம் என்றார். அதற்குப் பிறகும் நாம் பெரிய வகுப்புகளைத்தான் முதலில் திறந்தோம். சின்னவர்கள் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.

அந்த ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழை வீடுகளின் சுமார் 1,400 பிள்ளைகளைப் பற்றி ஒரு கள ஆய்வு நடந்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம், படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். சீக்கிரம் திறக்க வேண்டும் என்ற கிராமத்துப் பெற்றோர் 97 சதவீதம். தேடிப் போய்க் கேட்டதால் வந்த பதில் இது. நம் கூட்டங்களில் இந்தப் பெற்றோர் கடைசி வரிசையில் இருந்தார்கள், பாதிப் பேர் வரவே இல்லை. முதலில் எழுந்து பேசியவர்கள் வீட்டில் லேப்டாப்பும் வைஃபையும் தனி டியூஷனும் வைத்திருந்தவர்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. ஆனால் அவர்கள் "இன்னும் ஆறு மாசம் பொறுக்கலாம்" என்று சொன்னபோது, அந்த ஆறு மாதத்தின் விலையைக் கொடுத்தது வேறு வீட்டுப் பிள்ளை.

நானும் அன்று என் பெரியவளுக்காகத்தான் பேசினேன். சின்னவனைப் பற்றிக் கேட்டிருந்தால் நீளமாகச் சொல்லியிருப்பேன்.

கல்வித் தொலைக்காட்சி போதவில்லையா?

2020 ஜூலை நடுவிலிருந்து அதில் பாடங்கள் ஓடின. கேபிள் உள்ள வீட்டில் பெரிய வகுப்புக்கு உதவியது. மறித்துக் கேள்வி கேட்க முடியாத பாடத்தை எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கும்?

சத்துணவு என்ன ஆயிற்று?

சமைத்த சோற்றுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பெற்றோர் வந்து வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். அது பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன அரிசி வீட்டார் எல்லாருக்கும் பங்காகும்; பள்ளியில் தட்டில் விழும் சோறும் முட்டையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்கச் சோறு போட்ட காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி நாகர்கோவில். அந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. "ஸ்கூல் தொறந்தா ஒரு நேரம் நல்லா சாப்பிடும்" என்பதும் பெற்றோர் கருத்துதான். கூட்டத்தில் எழுந்து சொல்லக் கூச்சப்பட்டு, வெளியே வந்து என்னிடம் சொன்னார்கள்.

2022-இல் பத்தாம் வகுப்பில் குமரிதான் மாநிலத்தில் முதலிடம். அப்படியானால் பெரிய இழப்பு இல்லைதானே?

97.22 சதவீதத் தேர்ச்சியோடு முதலிடம் என்பது உண்மை. பெருமைப்பட வேண்டியது. அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் பார்த்தது ஆறு வாரம்தான். 2021 செப்டம்பரில் பள்ளிக்கு வந்து 2022 மேயில் தேர்வு எழுதினார்கள், பாடத்திட்டமும் குறைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்கள் காலையிலும் சாயங்காலத்திலும் உட்கார வைத்துப் படிக்க வைத்தார்கள். ஆகவே அந்த எண் பள்ளி திறந்திருந்த எட்டு மாதத்தின் பலனைச் சொல்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இல்லம் தேடிக் கல்வியைப் பெற்றோர் எப்படிப் பார்த்தார்கள்?

மனதார வரவேற்றார்கள். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய திட்டம். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள், தெருவிலேயே தன்னார்வலர் பாடம் நடத்தினார். படித்துவிட்டு வீட்டிலிருந்த எத்தனையோ மருமகள்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். "டீச்சரம்மா" என்று தெரு அவர்களைக் கூப்பிட்டது. முதல் அலையின் போதே, பத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார வைத்து இதைத் தொடங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

ஆல் பாஸ் சான்றிதழால் பிள்ளைக்குப் பிரச்சினை வருமா?

2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண் இருக்காது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். அரசு ஆணைப்படி வந்த சான்றிதழ் அது. தேர்வு இல்லாமல் வாங்கியது என்று யாராவது குறைவாகப் பேசினால் பிள்ளையைத் தலைகுனிய விடாதீர்கள். பிளஸ் டூ தேர்வும் அந்த வருடம் ஜூன் 5 அன்று ரத்தாயிற்று. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவின் செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று சதவீதம் பிரித்து மதிப்பெண் போட்டார்கள்.

இனி இப்படி ஒரு நிலை வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

கூட்டத்துக்கு ஆள் வரக் காத்திருக்காதீர்கள். குழுவில் பெரும்பான்மையோர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டால் ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விடலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதலில் போங்கள். திறக்கலாமா வேண்டாமா என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் வயதானவர் யார், தடுப்பூசி போட்டாயிற்றா, பகலில் பிள்ளையோடு யார் இருக்கிறார்கள், போன் யார் கையில், மதியம் பிள்ளை என்ன சாப்பிடுகிறது, பள்ளிக்கு எந்த பஸ் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, குழுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். படுக்கையில் வயதானவர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடத்தாள், கவனிக்க ஆளில்லாத பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே வகுப்பு என்று அப்போது பள்ளியால் பிரித்துச் செய்ய முடியும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதி தேவைப்படாது. மலைக்குடியிருப்புப் பெற்றோருக்காகக் கூட்டத்தைக் கடைசி பஸ் போகும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கடற்கரையில் படகு திரும்பும் நாளைக் கேட்டுத் தேதி வையுங்கள்.